இருபத்தொன்பது ஆண்டு, பதினொரு மாதம்

சோலார் கம்பெனியின் குத்தகைப் பத்திரம் வருவதற்குப் பல மாதம் முன்பே ஒரு சின்னத் தாள் வந்துவிடும். சம்மதக் கடிதம் என்பார்கள். பெரும்பாலும் கொண்டு வருபவர் உள்ளூர்க்காரராகவே இருப்பார். நமக்குத் தெரிந்தவர், சில நேரம் சொந்தக்காரர். “கையெழுத்து மட்டும் போட்டு வையுங்கண்ணே. கம்பெனிக்காரங்க வந்து பாத்துப் பிடிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சு” என்பார். திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: வாடகை, ஆண்டுக் கணக்கு, வேறு யாருக்கும் நிலத்தைக் கொடுக்கக் கூடாது என்ற கட்டு, இவை எல்லாம் அந்தச் சின்னத் தாளிலேயே முடிவாகிவிடுகின்றன. பிறகு வரும் நாற்பது பக்கப் பத்திரத்தைத் திருத்தச் சொன்னால், “இதுக்குத்தான் நீங்க ஏற்கெனவே ஒத்துக்கிட்டீங்களே” என்ற பதில்தான் கிடைக்கும்.

ஆகவே சம்மதக் கடிதத்தில் முடிவு தேதி ஒன்று இருக்க வேண்டும். ஆறு மாதம் போதும். அதற்குள் பத்திரம் பதிவாகவில்லை என்றால் கடிதம் தானாகவே செல்லாமல் போகும் என்று எழுதுங்கள். அதோடு சேர்த்துப் பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள். மின்வாரிய விண்ணப்பத்துக்கும் நில அளவைக்கும் ஒப்புதல் தேவைப்பட்டால், அந்தந்த வேலையைப் பெயர் சொல்லித் தனித்தனி ஒப்புதல் கொடுக்கலாம். நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் இன்னொருவர் கையில் அதிகாரம் கொடுத்துவிட்டு, பிறகு குத்தகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நம் ஊரில் குத்தகை என்றால் ஒரு போகம், இரண்டு போகம். வாரத்துக்கு விட்டால் மழை பொய்த்த வருஷம் வரப்பில் உட்கார்ந்து பேசி அளவைக் குறைத்துக்கொள்வார்கள். சோலார் குத்தகை அந்த இனம் இல்லை. ஐம்பது வயதில் கையெழுத்துப் போடுகிறவருக்கு நிலம் திரும்பும்போது எண்பது வயது. அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கம்பெனியிடம் பேசப் போவது மகனோ மகளோ பேரனோதான். அவர்களுக்காகத்தான் அதை எழுதுகிறோம்.

காலம் பெரும்பாலும் 29 ஆண்டு 11 மாதம் என்று இருக்கும். காரணம் முத்திரைத்தீர்வை. தமிழ்நாட்டில் 30 ஆண்டுக்குக் குறைவான குத்தகைக்கு, மொத்த வாடகையும் முன்பணமும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம் தீர்வை. 30 ஆண்டைத் தொட்டால் 4 சதவீதம். அந்த ஒரு மாதத்தைக் குறைப்பதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே ‘குத்தகைதாரர் விரும்பினால் மேலும் இத்தனை ஆண்டு நீட்டித்துக்கொள்ளலாம்’ என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிப்பு இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே, அன்றைய வாடகை நிலவரத்தில் மட்டுமே என்று இருக்க வேண்டும். வேறு ஏற்பாடு பேசாத வரை, குத்தகைப் பத்திரத்தின் தீர்வையைக் கட்ட வேண்டியவர் குத்தகைக்கு எடுப்பவர்; சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது.

விற்பதா, குத்தகைக்கு விடுவதா என்ற கேள்வி முதலில் வரும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் திறந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் நிற்கிறது. அங்கே நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. கர்நாடகத்தின் பாவகடாவில் வேறு வழி எடுத்தார்கள். துமகூரு மாவட்டத்தின் ஐந்து கிராமங்களில் ஏறக்குறைய 13,000 ஏக்கரை அரசு நிறுவனம் ஒன்று விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்து, மின் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. வறட்சியில் ஊரை விட்டுப் போனவர்களுக்கு நிலம் கைவிட்டுப் போகாமல் ஒரு நிலையான வரவு கிடைத்தது. அதே கிராமங்களில் நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு வாடகையும் இல்லை, களையெடுப்பும் அறுப்பும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், மானாவாரி நிலத்துக்கு விற்பனையைவிடக் குத்தகை நல்லது. நிலம் திரும்பி வரும் நாளைப் பற்றிப் பத்திரம் தெளிவாகப் பேசினால் மட்டும்.

இனி, நிலம் யாருடையது என்ற கேள்வி. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் இவற்றை எல்லாம் கம்பெனியின் வழக்கறிஞர் பார்ப்பார். அவர் பார்ப்பது கம்பெனிக்காக. நீங்கள் உங்களுக்காகப் பாருங்கள். 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று நாம் சொல்வது, பெயரும் விஸ்தீரணமும் மாறிப்போன புல எண்கள் ஏராளம். பங்காளி பெயரில் அரை ஏக்கர் கிடப்பது இத்தனை நாள் யாருக்கும் உறுத்தியிருக்காது. வாடகை வர ஆரம்பித்ததும் உறுத்தும். திருத்தம் கேட்டுக் கோட்டாட்சியருக்கு மனுக் கொடுப்பதைக் கையெழுத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கூட்டுப் பட்டா என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட. பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. நாடு முழுதும் 2005இல் வந்தது. “அக்கா எதுவும் கேக்க மாட்டா” என்று சொல்லிவிட்டுப் போவது அக்காவுக்கும் அநியாயம், பத்திரத்துக்கும் ஆபத்து. பங்குதாரர்களில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகை கொடுக்க நீதிமன்ற அனுமதி தேவை. தகப்பனோ தாயோ காப்பாளராகக் கையெழுத்திட்டது போதாது.

சில நிலங்களைக் குத்தகைக்கு விடவே முடியாது, அல்லது தனி அனுமதி வேண்டும். 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மற்றவர்களுக்குக் கைமாற்றுவதற்குத் தடை உண்டு. கோயில் நிலம் என்றால் ஐந்து ஆண்டைத் தாண்டும் குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி தேவை. பூதான நிலத்தைத் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய மதுரை மாவட்டம் பூதான இயக்கத்தின் மையப் பகுதியாக இருந்தது. காந்திகிராமமும் வத்தலக்குண்டும் அதில் முன்னால் நின்ற ஊர்கள். அப்படித் தானமாகக் கிடைத்த நிலம் 1958ஆம் ஆண்டுப் பூதானச் சட்டத்தின் கீழ் வருகிறது. பெற்றவர் அதைத் தம் விருப்பப்படி கம்பெனிக்குக் கொடுக்க முடியாது. அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் படித்துவிடுங்கள்.

‘தரிசு’ என்ற சொல்லைப் பற்றி நின்று பேச வேண்டியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக்கு வடக்கேயும் பழனிக்குக் கிழக்கேயும் கரூர், தாராபுரம் எல்லையை ஒட்டிக் கொறங்காடு இருக்கிறது. முள்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது ஒன்றும் விளையாத தரை. அந்தப் புல்லில்தான் நம் செம்மறியும் மாடும் வளர்கின்றன. மழை இல்லாத ஆண்டிலும் ஏதோ கொடுக்கிற நிலம் அது. வேலியைப் பிடுங்கி, மரத்தை வெட்டி, தரையைச் சமன் செய்துவிட்டால் மறுபடி அந்தப் புல்லைக் கொண்டுவருவது எளிதில்லை. கம்பெனிக்குக் கொடுப்பதானால் அதைத் தரிசு வாடகைக்குக் கொடுக்காதீர்கள். மேய்ச்சலிலிருந்து வரும் வருமானத்தை ஒரு வருஷத்துக்கு எழுதிக் கணக்குப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். தகடுகளுக்கு அடியில் செம்மறி மேய விடும் உரிமையையும் கேட்கலாம். புல்லை வெட்டும் செலவு கம்பெனிக்கு மிச்சமாகும். வெள்ளாடு வேண்டாம். அது தாவி ஏறும், ஒயரைக் கடிக்கும்.

நிலத்தில் நிற்கும் பனையை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பனையை வெட்டுவதற்கு அரசு அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வெட்டினால் கேள்வி நில உரிமையாளரிடம்தான் முதலில் வரும். அதே போல ஓடை. செம்மண் காட்டில் மழைத்தண்ணீர் போகும் தடம் வெயில் காலத்தில் தெரியாது. அதை மூடிக் கம்பிவேலி போட்டுவிட்டால் மேல்காட்டுக்காரர் தோட்டத்தில் தண்ணீர் நிற்கும், கீழே குளத்துக்கு வரத்து நின்றுபோகும். வண்டிப்பாதையும் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியும் இப்படித்தான். அக்கம்பக்கத்தார் பல காலமாக நடந்த வழியை உங்கள் பத்திரம் அடைக்க முடியாது. வரைபடத்தில் சிவப்பு மையில் குறித்து, அந்த வரைபடத்தைப் பத்திரத்தோடு இணையுங்கள்.

கிணறு இருந்தால் அதைக் குத்தகைக்குள் சேர்க்காதீர்கள். கிணற்றைச் சுற்றி ஓர் ஏக்கரை உட்பிரிவு செய்து உங்கள் கையிலேயே வைத்துக்கொள்வது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அந்த இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாசனம் நின்றுபோனால் இணைப்பைத் தக்கவைப்பது சிரமம். இன்னொன்று, சோலார் தகடுகளைக் கழுவத் தண்ணீர் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர், அதில் இன்றைய அளவில் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான தகடுகள். விவசாய இணைப்பில் ஓடும் மோட்டாரால் அவற்றைக் கழுவினால் அது மின்சாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகும். அபராதம் இணைப்பின் பெயருக்கு வரும், அதாவது உங்கள் பெயருக்கு. நிலத்தடி நீர் வற்றிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் கழுவும் தண்ணீரைக் கம்பெனியே வெளியிலிருந்து கொண்டு வரட்டும் என்று எழுதுங்கள்.

வாடகையில் ஆளை மயக்குவது முதல் ஆண்டுத் தொகை. கவனிக்க வேண்டியது உயர்வு விகிதம். ஓர் எடுத்துக்காட்டாக ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உயர்வே இல்லையென்றால் 28 ஆண்டில் 8,40,000 ரூபாய். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் என்றால் சுமார் 10,39,000. ஆண்டுதோறும் 5 சதவீதம் என்றால் 17,52,000. கடைசி ஆண்டை மட்டும் பார்த்தால் முதல் கணக்கில் அதே 30,000, இரண்டாவதில் 46,500, மூன்றாவதில் 1,12,000. 28 ஆண்டுக்கு முன்னால் பவுன் என்ன விலை விற்றது என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். உயர்வில்லாத வாடகை என்னவாகும் என்பது விளங்கிவிடும். முதல் ஆண்டில் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆண்டு உயர்வை விட்டுக்கொடுக்காதீர்கள். வாடகை தொடங்கும் நாள் பதிவு செய்த நாளாக இருக்கட்டும். ‘மின் உற்பத்தி தொடங்கிய நாள் முதல்’ என்று இருந்தால், இரண்டு ஆண்டு உழவும் இல்லாமல் வாடகையும் இல்லாமல் நிலம் கிடக்கும்.

கையெழுத்துப் போடும் கம்பெனி எது? விளம்பரத்தில் பார்த்த பெரிய பெயர் பத்திரத்தில் இருக்காது. அந்தத் திட்டத்துக்கென்றே போன மாதம் தொடங்கிய ஒரு சிறு நிறுவனத்தின் பெயர் இருக்கும். இது இந்தத் தொழிலின் வழக்கம், சட்டவிரோதம் இல்லை. ஆனால் அந்தச் சிறு நிறுவனத்துக்கு அந்தத் தகடுகளைத் தவிர வேறு சொத்து கிடையாது. தாய் நிறுவனம் பொறுப்பேற்கும் உத்தரவாதக் கடிதமும், குறைந்தது ஓர் ஆண்டு வாடகைக்கு வைப்புத்தொகையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யாருக்கு மின்சாரம் விற்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் பல. ஆலைகள் ஒரு மின் நிலையத்தில் 26 சதவீதப் பங்கு வாங்கி, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்தையாவது தாங்களே பயன்படுத்தினால், அது அவர்களுடைய சொந்த உற்பத்தியாகக் கணக்காகும். ஆலையோடு போட்ட ஒப்பந்தம் உங்கள் குத்தகையைவிடக் குறுகியதாக இருந்தால், அது முடியும் நாளில் உங்கள் வாடகை ஆட்டம் காணும். ஆகவே கம்பெனி பாதியில் விலகினால் எத்தனை மாத அறிவிப்பு, எவ்வளவு இழப்பீடு என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும்.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இரண்டு இடங்கள் விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரிவு 108இன்படி, பத்திரம் வேறு மாதிரி சொல்லாத வரை, குத்தகைதாரர் தன் உரிமையை மற்றவருக்கு மாற்றலாம், அடமானம் வைக்கலாம், உள்குத்தகைக்கு விடலாம். பத்திரம் மௌனமாக இருந்தால் அந்த மௌனம் கம்பெனிக்கு லாபம். வங்கிக் கடனுக்காகக் குத்தகை உரிமையை அடமானம் வைக்க அனுமதி கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். நிலத்தின் உடைமையை அடமானம் வைக்கக் கூடாது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். கைமாற்றினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், புதியவர் எல்லாக் கடமையையும் ஏற்க வேண்டும் என்பதும் சேரட்டும். அடுத்தது பிரிவு 111. வாடகை தரவில்லை என்றால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் அந்த உரிமை உங்களுக்கு. இல்லாவிட்டால் பாக்கிக்கு வழக்குப் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். தகராறு வந்தால் நடுவர் மன்றம் மும்பையில் என்று அச்சடித்திருப்பார்கள். அதை அடித்துத் திண்டுக்கல் என்று எழுதச் சொல்லுங்கள்.

வரி விஷயத்தைப் பலரும் பின்னால்தான் தெரிந்துகொள்கிறார்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. சோலார் வாடகை விவசாய வருமானம் இல்லை, முழுதும் வரிக்குட்பட்டது. 2025 ஏப்ரல் முதல் மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும், அந்த 18 சதவீதம் வாடகைக்கு மேல் கம்பெனி தர வேண்டியது என்று எழுதாவிட்டால் உங்கள் வாடகைக்குள்ளிருந்து போகும். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. நகர எல்லைக்கு வெகு தொலைவில் உள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. விவசாயம் நின்று, சோலாருக்குப் பயன்பட்ட பின் விற்கும்போது அந்தச் சலுகை கேள்விக்குள்ளாகும். அடங்கலில் பயிர் இல்லாததால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் கிடைக்காது, பயிர்க் காப்பீடும் கிடையாது. ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு நிலம் ஈடாக இருந்தால் சங்கத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

காற்றாலை பற்றிச் சுருக்கமாக. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பழனிச் சமவெளி வரை வருகிறது. காத்தாடிக்குப் பெரும்பாலும் நிலத்தை விலைக்கே கேட்பார்கள். குத்தகை என்று வந்தால் அடித்தளத்தின் சில சென்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். கிரேன் நிற்கும் இடம், அகலச் சாலை, மின்கம்பி செல்லும் தடம், இறக்கை சுழலும் வட்டம் எல்லாவற்றுக்கும் வாடகை உண்டு. உயர்மின் கம்பி மட்டும் மேலே போகிற நிலத்துக்குக் குத்தகை வராது, இழப்பீடு மட்டுமே. மத்திய மின்துறை 2024 ஜூனில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பி செல்லும் தடத்துக்கு 30 சதவீதமும் என்று வழிகாட்டியது. 2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட விவசாயிகள் வயலில் உட்கார்ந்து போராடியது இந்தக் கோபுரங்களை எதிர்த்துத்தான்.

மறுபடி சோலாருக்கு வருவோம். 2019இல் வந்த மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு, துணை மின்நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயி தாமே நிலையம் அமைக்கவோ நிலத்தைக் குத்தகைக்கு விடவோ இடம் தந்தது. அதன் விதிமுறையில் மாதிரிக் குத்தகைப் பத்திரம் ஒன்று இருக்கிறது. மின்வாரியம் கம்பெனிக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து வாடகையை நேராக விவசாயியின் வங்கிக் கணக்கில் போடும் ஏற்பாடும் அதில் உண்டு. உங்கள் திட்டம் குசுமில் வராவிட்டாலும் அந்த மாதிரியை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனியின் பத்திரத்தைப் படியுங்கள்.

படிக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். குத்தகை முடிந்த மறுநாள் உங்கள் நிலம் எப்படி இருக்கும்? சட்டப்படி குத்தகைதாரர் தான் நட்டதை எடுத்துக்கொண்டு, பெற்ற நிலையில் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் பெற்ற நிலை என்ன என்பதற்குச் சாட்சி வேண்டுமே. ஒப்படைக்கும் நாளில் நாலு திசையிலும் தேதியோடு படம் எடுங்கள், மண் பரிசோதனை அறிக்கை வாங்கிப் பத்திரத்தில் இணையுங்கள். தகடுகள், இரும்பு, கேபிள், கான்கிரீட் அடிக்கால் உட்பட எல்லாம் ஆறு மாதத்துக்குள் அகற்றப்படும், அகற்றும் வரை வாடகை ஓடும் என்று எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் தகடுகளும் அடங்கும். உடைந்த தகட்டை உங்கள் கிணற்றில் தள்ளிவிட்டுப் போக யாருக்கும் அனுமதி இல்லை. அகற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள், பத்தாவது ஆண்டிலிருந்தாவது. இருபத்தொன்பதாவது ஆண்டில் அந்தக் கம்பெனியே இல்லாமல் போகலாம். குத்தகை ரத்துப் பத்திரத்தையும் அடமான விடுவிப்பையும் அவர்கள் செலவில் பதிவு செய்து, வில்லங்கச் சான்று சுத்தமாக வந்த பிறகே வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுங்கள்.

தரகரோ கம்பெனியோ ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம். உங்கள் காசில் ஒருவரை வையுங்கள். வசதி இல்லையென்றால் திண்டுக்கல்லில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம். சம்மதக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் போங்கள்.